துப்பாக்கிக்கு வெந்நீர்

மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போகும் தகப்பன்மாருக்கு அமெரிக்காவில் இரண்டு வேலைதான் உண்டு: பேரனைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றுவது, பிறகு இறக்குவது. சின்சினாட்டியில் எனக்கு மூன்றாவதாகவும் ஒன்று வாய்த்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் துப்பாக்கியைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றுவது.

சுடவும் கூப்பிட்டார். மாட்டேன் என்றுவிட்டேன். தீபாவளிக்கே காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போகிற ஆள் நான். ஆனால் அன்று மாலை அவர் வீட்டு நிலவறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நீண்ட குழலின் அடியிலிருந்த சின்னத் துளையில் ஒரு பல்குச்சியைச் செருகி அடைத்தார். புனலை என் கையில் கொடுத்து, ஊற்றுங்கள் என்றார். ஊற்றினேன். வாயைப் பொத்திக் குலுக்கிக் கவிழ்த்தார். வாளியில் மசி மாதிரி விழுந்தது தண்ணீர். கூடவே ஒரு நாற்றம். கூமுட்டை.

அந்த நாற்றத்தை எனக்கு ஏறக்குறைய அறுபது வருஷமாகத் தெரியும்.

அம்மாவின் ஊர் தாமிரபரணிக் கரை. எனக்கு ஏழு வயது. அம்மன் கொடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்து திண்ணையில் கம்பளிக்குள் கிடக்கிறேன். அடுக்களையிலிருந்து ஆச்சி சத்தமாகக் கேட்கிறாள்: "ஏய்யா, மருந்து வந்தாச்சா?"

வாசலில் சைக்கிளைச் சாத்திக்கொண்டே மாமா சொல்கிறார்: "வந்தாச்சும்மா. நாலு கிலோ."

"போதுமாய்யா?"

"போன வருசம் மூணுதான. இந்தத் தடவ நல்லா இடிச்சுக் கெட்டிக்கச் சொல்லியிருக்கேன்."

ஒரு சங்குக் கஷாயத்துக்கே பல்லை இறுக்கிக்கொள்கிற பிள்ளை நான். நாலு கிலோ. அதையும் இடித்து. நான் போட்ட கூப்பாட்டில் மாமா ஓடிவந்து கம்பளியை விலக்கிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும், "ஏல, உனக்கில்லல, அம்மனுக்கு" என்றார். அம்மனுக்கும் காய்ச்சலா என்று நான் கேட்டதாக வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்கு நினைவில்லை. கம்பளியின் சொரசொரப்பு மட்டும் நினைவிருக்கிறது.

கொடையன்று வேட்டுக்காரர் தோப்போரம் இரும்புக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, கரிமருந்தைப் போட்டு, மேலே செங்கல் பொடியைக் கொட்டி இடித்தார். வேட்டு போட்ட அதிர்ச்சியில் எங்கள் வீட்டு ஓடு இரண்டு சரிந்தது. என் காய்ச்சலும் அன்றோடு விட்டது. ஆச்சி அதை அம்மன் கணக்கில் எழுதிவிட்டாள். மறுநாள் படித்துறையில் அதே ஆள் குழாய்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, எதற்குக் கழுவுகிறீர்கள் என்றேன். "ஒரு ராத்திரி போதும் தம்பி, துரு தின்னுரும்" என்றார்.

சின்சினாட்டிக்காரரும் அதையேதான் இங்கிலீஷில் சொன்னார். கரிமருந்து முழுவதும் புகையாகிப் போவதில்லை. எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பை அரிப்பவை. நல்லவேளையாக அவை தண்ணீரில் கரையும். ஆகவே ஆயிரம் புட்டித் திரவங்கள் கடையில் இருந்தாலும் வைத்தியம் என்னவோ தண்ணீர்தான். வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்பதில் அந்த வட்டாரத்தில் இரண்டு கட்சி. வெந்நீர் என்றால் குழல் சூடேறித் தானே உலர்ந்துவிடும் என்பது ஒன்று. அந்தச் சூட்டிலேயே மெல்லிய துரு பூத்துவிடும் என்பது மற்றது. எங்கள் குடும்பத்திலும் இதே இரண்டு கட்சிகள் உண்டு, மூட்டுவலி சம்பந்தமாக.

குளியல் முடிந்ததும் துணித்துண்டால் துவட்டி, எண்ணெய் பூசினார். வெடி, வெந்நீர், எண்ணெய். நம் தீபாவளியைக் கடைசியிலிருந்து திருப்பிப் போட்ட மாதிரி இருந்தது.

துப்பாக்கியின் பெயர் பென்சில்வேனியா ரைஃபிள். வடிவம் 18-ஆம் நூற்றாண்டு. பிறப்பு இத்தாலியில், பிரெஷ்யா பக்கம் கார்தோனே என்ற ஊரில். 1961-இல் தங்கள் உள்நாட்டுப் போருக்கு நூற்றாண்டு கொண்டாடக் கிளம்பிய அமெரிக்கர்களுக்குப் பழைய துப்பாக்கிகளின் நகல்கள் தேவைப்பட்டன. 16-ஆம் நூற்றாண்டிலேயே வெனிஸுக்குக் குழல் அடித்துக் கொடுத்த அந்த ஊர்ப் பள்ளத்தாக்கு செய்து கொடுத்தது. அமெரிக்காவின் 1968-ஆம் வருஷத்துச் சட்டத்தில் குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் இந்த முன்வாய்த் துப்பாக்கி, போன வாரம் செய்ததாக இருந்தாலும், பழம்பொருள். நம்மூர்ச் செய்தித்தாளிலோ 'நாட்டுத் துப்பாக்கி' என்ற சொல் 'பறிமுதல்' என்ற சொல் துணையில்லாமல் வந்து நான் பார்த்ததில்லை.

சிக்கிமுக்கிக் கல்லைத் தோலில் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும் பாகத்தைக் காட்டி, உங்கள் மொழியில் இதற்கு என்ன என்றார். குதிரை என்றேன். அவருக்குச் சிரிப்பு. இங்கிலீஷில் அது சேவலாம். இத்தாலிக்காரனுக்கு நாய். ஒரே மிருகம், தேசத்துக்கு ஒரு ஜாதகம்.

அவர் கேட்காத சொல்தான் என்னை உறங்கவிடவில்லை. வெடிக்கிற பொடிக்கு ஏன் மருந்து என்று பெயர் வைத்தோம்? நாம் மட்டும் வைக்கவில்லை. சீனர்கள் 'தீ மருந்து' என்கிறார்கள். டச்சுக்காரர்களின் சொல்லுக்குள் 'மூலிகை' இருக்கிறது. கரிமருந்தில் சேரும் வெடியுப்பு சித்த வைத்தியத்தில் நீர்க்கட்டுக்கு ஆகும் சரக்கு; கந்தகம் ரசாயனமாகித் தோல் நோய்க்குப் போகும். இரண்டும் ஒரே நாட்டு மருந்துக் கடையின் பக்கத்துப் பக்கத்து டப்பாக்கள். பெயர் பொருத்தமில்லாமல் வரவில்லை.

அளவும் அப்படித்தான். பெரியவர் ஒரு தடவைக்கு 60 கிரெயின் போடுகிறார். அரைச் சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. பழைய டாக்டர்கள் ஆஸ்பிரின் எழுதித் தந்ததும் கிரெயினில்தான். முன்வாய்த் துப்பாக்கி என்பதே யோசித்தால் வாய்வழி மருந்து கொடுக்கப்படுகிற ஒரு ஜீவன்.

அந்த வெடியுப்புக்கும் ஒரு ஊர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா தன் சண்டைகளுக்கு நம்பியிருந்தது பிகாரின் மண்ணை. உப்பிலிருந்தே ஜாதிப்பெயர் பெற்ற நோனியாக்கள் பழைய சுவரோரத்து மண்ணைச் சுரண்டி, கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தார்கள். பாட்னாவிலிருந்து கும்பெனிக் கப்பல் ஏறியது. ஏழாண்டுப் போரில் அந்த வழி அடைபட்டுத் தவித்த பிரான்ஸ், 1775-இல் தன் மருந்துச் சாலைகளை வேதியியல் மேதை லாவோசியேயின் பொறுப்பில் விட்டது. அவரிடம் தொழில் பழகிய டூபாண்ட் அமெரிக்காவுக்கு வந்து 1802-இல் டெலவேரில் ஆலை வைத்தார். அமெரிக்க வேட்டின் வம்சாவளியைத் தேடிப் போனால் பாட்னாவில் யாரோ ஒருத்தி கூடையோடு குனிந்திருக்கிறாள்.

பெரியவர் போட்டிக்குப் போகும் இண்டியானா ஊரின் பெயர் ஃப்ரெண்ட்ஷிப். 1933-இல் தொடங்கிய முன்வாய்த் துப்பாக்கிக்காரர் சங்கத்தின் திடல் அங்கே. நட்பு என்று பேர் வைத்த ஊரில் போய் டமார் டமார் என்று சுடுவார்களா என்று மகளிடம் கேட்டேன். "அப்பா, நீங்க போய்த் தண்ணி ஊத்துங்க" என்றாள்.

மறுநாள் காலை பஸ்ஸை அனுப்பிவிட்டுப் போனேன். துடைத்து எண்ணெயிட்ட துப்பாக்கியை அவர் மறுபடி எடுத்து வைத்திருந்தார். கழியின் நுனியில் வெள்ளைத் துணியைக் கோத்துக் குழலுக்குள் விட்டு, மெதுவாக இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். காய்ச்சல் விட்ட மறுநாள் ஆச்சி இப்படித்தான், ஒன்றும் சொல்லாமல், புறங்கையை என் நெற்றியில் வைத்துவிட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

துணியில் லேசாகப் பழுப்பு. பெரியவர் கெட்டிலை நிரப்பப் போனார்.