இசைத்தட்டுத் தேட்டம்

பாடுவோர் மறைந்தால் அவர்தம் குரலும் அவரோடு மறைந்துபோதல் பன்னூறு ஆண்டுகளாக உலகில் நிகழ்ந்துவந்த இயல்பு. மன்னர் எடுப்பித்த கோயில் நிற்கின்றது. புலவர் யாத்த நூல் நிற்கின்றது. சிற்பி செதுக்கிய சிலை நிற்கின்றது. ஆனால், அக்கோயிலில் நின்று பாடியவரின் குரல் எத்தகையது என்பதை அறிவார் எவரும் இலர். காற்றில் பிறந்த ஒலி காற்றிலேயே கரைந்துபோயிற்று. அவ்வாறு கரையும் ஒலியைப் பதிந்து மீண்டும் கேட்கும் வழியை 1877-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எடிசன் கண்டார். அவர் உருளையின்மேல் ஒலியைப் பதித்தார். பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் என்பார் தட்டையான வட்டத்தின்மேல் ஒலியைப் பதிக்கும் முறையை வகுத்தார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை வார்த்தெடுக்கலாம் ஆதலின், அம்முறையே உலகெங்கும் பரவிற்று.

நம் நாட்டில் இசைத்தட்டுக்காகப் பாடல்களைப் பதியும் பெருமுயற்சி 1902-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கல்கத்தா நகரில் தொடங்கிற்று. ஃபிரெட் கைஸ்பர்க் என்னும் பொறிஞர் கடல் கடந்து வந்து, கௌஹர் ஜான் முதலிய பாடகியரின் குரலைப் பதிந்தார். அந்நாளில் அப்பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று, தட்டுகளாய் வார்க்கப்பெற்று மீண்டன. பாடியவர் யாவர் என்பதை அங்குள்ள தொழிலாளர் அறியும்பொருட்டு, கௌஹர் ஜான் பாடலின் முடிவில் தம் பெயரைத் தாமே சொல்லி முடித்தார். 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை எழுந்தது. பின்னர்ச் சென்னையிலும் இவ்வணிகம் தழைத்தது. பிற்காலத்தில் படத்தொழிலில் புகழ்பெற்ற ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1932-இல் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கித் தமிழ் இசைத்தட்டுகளை வெளியிட்டார்.

இத்தட்டினை மக்கள் ‘பிளேட்டு’ என்றும் ‘ரிக்கார்டு’ என்றும் வழங்கினர். அரக்குப் பூச்சி மரக்கிளையில் சுரக்கும் அரக்கோடு, கல்லின் நுண்பொடியும் கரியும் கலந்து பழைய தட்டுகள் செய்யப்பெற்றன. அதனால் அவை கருநிறமும் கனமும் உடையன. கீழே விழுந்தால் மண்சட்டிபோல் உடையும் இயல்பின. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். மேடையில் ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துரைக்கவல்ல கலைஞர், தட்டின்பொருட்டு அதன் சாரத்தை மூன்று நிமிடத்தில் பிழிந்து தரவேண்டியவராயினர். அக்காலத் தட்டுகளைக் கேட்போர்க்கு ஒரு சொல்லும் வீணாகாத செறிவு தோன்றுதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

சங்கரன்கோவில் வட்டாரத்து ஊர்களுள் ராயகிரியும் ஒன்று. மேற்குத் தொடர்ச்சி மலையை அணித்தே கொண்ட அவ்வூரில் வாழும் இளைஞன் ஒருவனுக்குப் பழைய இசைத்தட்டுகளைத் தொகுக்கவேண்டும் என்னும் வேட்கை பிறந்தது என்று கொள்க. அவ்வேட்கைக்கு வித்திட்டவர் எஸ். ஜி. கிட்டப்பா ஆவார். அதே மலைத்தொடரின் அடியில், தெற்கே உள்ள செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் அவர். நாடக மேடையில் அவர் பாடக் கேட்க மக்கள் திரள்திரளாய்க் கூடினர். ஆயினும், 1933-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், 27 வயதிலேயே அவர் மறைந்தார். தமிழ்ப் பேசும்படம் தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாள் 1980 வரை வாழ்ந்து, திரையிலும் தோன்றிப் பாடினார். கிட்டப்பாவைத் திரையில் காணவோ வழியில்லை. அவர் குரல் இன்று உலகில் உளதென்றால், அதனைக் காத்துத் தந்தவை இசைத்தட்டுகளே. “நம் மலையடிவாரத்துப் பாடகரின் தட்டு ஒன்றேனும் என் கையில் இருத்தல் வேண்டும்” என்று அவ்விளைஞன் உறுதி பூண்டான்.

சேர்த்துவைத்த சிறு பணத்தை எடுத்துக்கொண்டு உடனே சென்னைக்குப் புறப்பட அவன் எண்ணினான். அஃதறிந்த அவனுடைய தமிழாசிரியர் அவனை அழைத்து, “தம்பி, நகரத்துக் கடைகளில் விற்கும் பழைய தட்டுகள் எங்கிருந்து வந்தன? நம் ஊர் போன்ற ஊர்களின் பரண்களிலிருந்தே வந்தன. ஊற்று அருகில் இருக்க, ஆற்றின் கடைமடைக்கு ஓடுவானேன்? முதலில் உன் தெருவில் தேடு. அடுத்து ஊரில் தேடு. அதன்பின் நகருக்குப் போ. மற்றொன்றும் கேள். எல்லாத் தட்டுகளையும் தொகுத்தல் எவராலும் இயலாது. நாடகப் பாடலா, நாகசுரமா, படப்பாடலா என்பதை முதலில் முடிவு செய்துகொள். வரம்பு கட்டாத வயலில் நீர் நில்லாது” என்றார்.

இளைஞன் அவ்வாறே செய்தான். ஒரு காலத்தில் ஊர்ப்புறங்களில் இசைத்தட்டுகள் மிகுந்திருந்த இடம் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோர் வீடாகும். திருமண வீட்டில் பந்தற்கால் நட்ட பொழுதிலிருந்து அவர் கொணர்ந்த தட்டுகள் சுழலும். கோயில் கொடைவிழாவிலும் அவையே முழங்கும். கொட்டகைப் படக்காட்சி தொடங்குமுன்னும் தட்டின் பாட்டே ஊராரை அழைக்கும். நாகசுரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், அவர் மாணாக்கரும் நெல்லைச் சீமையின் செல்வருமான காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பும் எளிய குடிசைகளின் வாயிலுக்குச் சென்று சேர்ந்தது இவ்வாறேயாம்.

அத்தொழிலை விட்டுப் பல்லாண்டுகளான முதியவர் ஒருவர் தம் வீட்டுப் பரணிலிருந்து மரப்பெட்டி ஒன்றை இறக்கிக் காட்டினார். அதில் நாற்பது தட்டுகள் இருந்தன. “நாளைக்குப் பழைய இரும்புக் கடையில் போட இருந்தேன், தம்பி. உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்” என்றார் அவர். இளைஞன் உடனே பெட்டியோடு தூக்கிக்கொள்ளவில்லை. ஆசிரியர் கற்பித்தபடி ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். பலமுறை எஃகு ஊசி உழுத தட்டின் வரிகள் கருமை இழந்து சாம்பல் நிறம் பூத்திருந்தன. அத்தகையவற்றில் பாட்டைவிட இரைச்சலே மிகுதியாய் ஒலிக்கும். பின்னர்த் தட்டை ஒரு விரல்மேல் தாங்கி, மெல்லத் தட்டிப் பார்த்தான். பானை வாங்குவோர் செய்வதும் இதுவே அன்றோ? பழுதற்ற தட்டு தெளிவாய் ஒலித்தது. கண்ணுக்குத் தெரியாத கீறல் உடையது மழுங்கிய ஒலி தந்தது. நடுவில் ஒட்டிய சீட்டில் பாடியவர் பெயரும் தட்டின் எண்ணும் அழியாமல் இருக்கின்றனவா என்பதையும் நோக்கினான்.

இறுதியில் ஆறு தட்டுகளே அவன் கையில் எஞ்சின. அவற்றுள் ஒன்றைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இத்தட்டு அரியது. தொகுப்போர் இதற்கு நல்ல விலை கொடுப்பர். அவ்வளவு என்னிடம் இல்லை” என்று உள்ளதை உள்ளவாறு உரைத்தான். முதியவர் அவனைச் சிறிதுநேரம் நோக்கினார், “விலை அறிந்தும் மறைக்காமல் சொன்னாயே! உன்னால் இயன்றதைக் கொடு” என்றார். அறியாதவரிடம் அரிய பொருளைச் சில்லறைக் காசுக்குக் கொள்வது வாணிகத் திறமை என்று சிலர் கருதுவர். ஆயினும், அவ்வாறு கொண்ட பொருளைக் காணுந்தோறும் நெஞ்சு குத்தும். அவ்வாறு குத்தாத பொருளே இனிய தேட்டமாகும்.

ஊரில் தேடி முடித்தபின் அவன் நகரங்களைப் பற்றிக் கேட்டறிந்தான். சென்னையில் 1900-இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட் பழைய நூல்களுக்கும் பழைய இசைத்தட்டுகளுக்கும் பெயர்பெற்று விளங்கிற்று. 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வங்காடி தீக்கு இரையாயிற்று. அதனோடு அழிந்தவற்றுக்குக் கணக்கில்லை. மும்பையின் சோர் பஜாரிலும், கல்கத்தாவின் ஃபிரீ ஸ்கூல் தெருவிலும் பழைய தட்டு விற்போரைக் காணலாம். இக்காலத்தில் இணையத்தின் வழியாகவும் தட்டுகள் விலைக்கு வருகின்றன. ஆனால் அங்கே தட்டிப் பார்க்கவும் சாய்த்துப் பார்க்கவும் இயலாது. அஞ்சலில் வரும் தட்டு நன்கு கட்டப்படாவிடின் துண்டுகளாய் வந்து சேர்தலும் உண்டு. ஆதலால், ஒலியைக் கேட்பித்து விற்போரிடமும், இருபுறமும் தடித்த அட்டை வைத்துக் கட்டி அனுப்புவோரிடமும் வாங்குதலே தக்கது.

இத்துறையில் முன்னே நடந்தோர் பலர் உளர். வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சென்னையில் தொகுத்துப் பெயர்பெற்றவர். 1990-இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுத் தொகுப்போர் சங்கம் தோன்றிற்று. கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா திரட்டிய பெருஞ்செல்வம், அவர் 1992-இல் மறைந்தபின், அவர் பெயராலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாய் நிலைபெற்றது. அங்கே நூல்களோடு இசைத்தட்டுகளும் காக்கப்பெறுகின்றன. வாங்குமுன் இத்தகையோரை அணுகிக் கேட்டறிதல் தொடங்குவோனுக்குப் பொருளையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

வாங்குவதினும் காப்பது அரிது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கினால் அடியில் உள்ளவை கீறும். வெயிலில் வைத்தால் நெளியும். ஆதலின் காகித உறையிலிட்டு, நூல்களைப்போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். சாராயம் கலந்த நீர்மத்தால் துடைத்தல் ஆகாது. அது அரக்கைக் கரைத்துவிடும். பிற்காலத்து நெடுநேரத் தட்டுக்குரிய நுண்ணிய ஊசி, 78 சுழற்சித் தட்டின் அகன்ற பள்ளத்தில் பொருந்தாது. அதற்கென அமைந்த ஊசியையே கொள்ளுதல் வேண்டும். இவற்றையெல்லாம் இளைஞன் கற்றான். ஆயினும், கிட்டப்பாவின் தட்டு மட்டும் அவனுக்குக் கிட்டவில்லை. நகரத்து வணிகர் ஒருவரிடம் அது இருந்தது. அதன் விலையோ அவன் எட்டக்கூடியதாய் இல்லை.

ஒருநாள் அடுத்த தெருவில் வாழும் ஆச்சி ஒருத்தி அவனை அழைத்தாள். “ஐயா, நீ பழைய பிளேட்டு தேடுகிறாயாமே! என் வீட்டுக்காரர் வைத்திருந்தது ஒன்று கிடக்கிறது, பார்” என்று துணியில் பொதிந்த தட்டு ஒன்றை எடுத்துத் தந்தாள். சீட்டில் கிட்டப்பாவின் பெயர் இருந்தது. இளைஞனின் கை நடுங்கிற்று. தட்டின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மயிரிழை போன்ற விரிசல் ஒன்று ஓடியிருந்தது. “எனக்கு எதற்கு? எடுத்துக்கொண்டு போ, ஐயா. அவர் போனபிறகு இதைப் பாடவைக்க இங்கு யார் இருக்கிறார்கள்? பெட்டியும் போய்விட்டது” என்றாள் ஆச்சி. சொல்லும்போதே அவள் கை தட்டினைச் சுற்றியிருந்த துணியை விடாமல் பற்றியிருந்தது.

அக்கையை இளைஞன் கண்டான். தான் நெடுநாள் தேடிய பொருள் கேளாமலே வந்து நின்றது. எடுத்துக்கொண்டால் தடுப்பார் எவரும் இலர். ஆனால், அவன் தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் எடை குறைந்த புதிய கருவியையும் அகன்ற முனை ஊசியையும் ஆச்சியின் வீட்டுக்கே கொண்டுசென்றான். பழைய கனத்த கருவியில் வைத்தால் விரிசல் பெரிதாகும் என்பதை அவன் அறிந்திருந்தான். தட்டு சுழன்றது. ஒவ்வொரு சுழற்சியிலும் விரிசல் ‘டக்’கென்று ஒலித்தது. அவ்வொலியையும் கடந்து, இளமை மாறாத குரல் ஒன்று உயர்ந்து எழுந்து அச்சிறு வீட்டை நிறைத்தது. ஆச்சி தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று நிமிடம் முடிந்தது. அந்த ஒலியைக் கணினியில் பதிந்துகொண்ட இளைஞன், தட்டைப் புதிய உறையிலிட்டு அவளிடமே திரும்பக் கொடுத்தான். “ஆச்சி, இது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கேட்க நினைக்கும்போது சொல்லுங்கள், நான் வந்து பாடவைக்கிறேன்” என்றான்.

இரண்டாம் உலகப்போரின்போது அரக்கு அருகியமையால், அமெரிக்கா முதலிய நாடுகளில் பழைய இசைத்தட்டுகளைத் திரட்டி நொறுக்கிப் புதிய தட்டுகள் செய்தனர். எத்தனை குரல்கள் அவ்வாறு அழிந்தன என்பதை எவர் அறிவார்? இன்றும் பரண்களிலும் பழைய இரும்புக் கடைகளிலும் குரல்கள் சில தம் முடிவை நோக்கிக் காத்திருக்கின்றன. அவற்றைத் தேடி எடுப்போன் தனக்கு மட்டும் தேடுவோன் அல்லன். ராயகிரி இளைஞனின் அலமாரியில் கிட்டப்பாவின் தட்டு இன்றும் இல்லை. ஆனால், விரிசல் பெருகி அத்தட்டு ஒருநாள் உடைந்தாலும், அதில் உறைந்த குரல் இனி உடையாது.