வீட்டோடு ஒரு பயணம்



பிழைப்புக்காக நகரத்தில் குடியேறிய நம்மில் பலருக்கும் ஊர்ப்பயணம் என்பது மகிழ்ச்சியும் கவலையும் கலந்த ஒன்று. உங்கள் வீட்டில் வயது முதிர்ந்தவர் ஒருவர் இருந்தால் நான் சொல்வது இன்னும் நன்றாகப் புரியும். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டத்தருகே நாங்கள் வசிக்கிறோம். தகப்பனார் பிறந்த ஊர் தக்கலைக்குப் பக்கத்தில். தூரமென்னவோ அதிகமில்லை. ஆனாலும் மூன்று ஆண்டுகளாக அவர் அங்கே செல்லவில்லை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அரைமணி நேரத்துக்கு ஒருமுறை கழிவறைக்குப் போக வேண்டும். பேருந்திலோ வாடகைக் காரிலோ யாரிடம் வண்டியை நிறுத்தச் சொல்வது என்ற கூச்சத்திலேயே, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று சொல்லிவிடுவார்.

இந்த நிலையில்தான் கேரவன் வண்டியைப் பற்றி யோசித்தோம். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதானே என்று நீங்கள் எண்ணலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். கேரள அரசு 2021 செப்டம்பரில் 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அடுத்த மாதமே, சென்னைக்கு அருகில் ஓரகடத்தில் ஆலை வைத்திருக்கும் பாரத்பென்ஸ் நிறுவனத்தின் வண்டியொன்று திருவனந்தபுரத்தில் அறிமுகமாயிற்று. இருவர் பயணிக்க ஒரு வகை, நால்வர் அடங்கிய குடும்பத்துக்கு ஒரு வகை என்று கொள்கையில் வகுத்திருந்தார்கள். படுக்கையாக விரியும் சோபா, சிறு சமையலிடம், குளிர்பெட்டி, சாப்பாட்டு மேசை, கழிவறை ஆகியவை உள்ளேயே இருக்கும். வண்டி இரவில் தங்குவதற்கான முதலாவது கேரவன் பூங்கா 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமண்ணில் திறக்கப்பட்டது. பூங்கா அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகள் நிற்க இடமும் வேண்டும் என்பது விதி.

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் ஆசை புதிதல்ல. 1885-ஆம் ஆண்டிலேயே கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், குதிரைகள் இழுத்த மரவீடு ஒன்றில் இங்கிலாந்திலிருந்து வடக்கே ஸ்காட்லாந்துவரை பயணம் செய்தார். உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று அதைச் சொல்வார்கள். எங்களுக்கோ உல்லாசம் நோக்கமல்ல. தகப்பனார் தலைநிமிர்ந்து ஊருக்குப் போய்வர வேண்டும், அவ்வளவே. சேர்த்து வைத்திருந்த பணத்தில் இரண்டு நாட்களுக்கு ஒரு வண்டியை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்தோம்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை செல்லும் புறவழிச்சாலை அகலமானது. வண்டி குலுங்காமல் சென்றது. ஈஞ்சக்கல், திருவல்லம், கோவளம் சந்திப்பு ஆகியவற்றைக் கடந்து வெங்ஙானூர்ப் பக்கம் வந்தபோது தகப்பனார் சன்னலைத் திறக்கச் சொன்னார். "இது அய்யன்காளியின் ஊர், தெரியுமா?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டார். ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுச்சாலையில் நடக்கவே தடை இருந்த காலம் அது. 1893-ஆம் ஆண்டில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை வாங்கி, நல்ல உடையுடுத்தி, அந்தத் தடையை மீறிச் சாலையில் ஓட்டிச் சென்றார். எதிர்த்தவர்கள் உண்டு, அடிதடியும் உண்டு. அவர் வண்டியைத் திருப்பவில்லை. சொகுசு வண்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சற்று நேரம் பேசாதிருந்தார்கள். இந்தச் சாலையில் நாம் இன்று தடையின்றிப் போவதற்கு யாரோ ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். அவ்வழியே செல்லும்போது நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லுங்கள்.

களியக்காவிளையில் எல்லையைக் கடந்தோம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அன்று தகப்பனார் பள்ளி மாணவர். "வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, எல்லைதான் நகர்ந்தது" என்று சிரித்தார். குழித்துறைப் பாலத்தையும் மார்த்தாண்டம் மேம்பாலத்தையும் தாண்டும்வரை அவர் மூன்றுமுறை எழுந்தார். ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. வண்டி ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக்கூடாது, இருக்கைப்பட்டையைக் கழற்றக்கூடாது என்பதைப் புறப்படும் முன்பே எல்லாருக்கும் சொல்லியிருந்தோம். நீங்களும் அதில் கண்டிப்பாக இருங்கள்.

தக்கலையில் இறங்கிப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தோம். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூர் ஆளப்பட்டது இங்கிருந்துதான். தமிழக மண்ணில் இருந்தாலும் இன்றும் கேரளத் தொல்லியல் துறையே இதைப் பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அருகே புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்பு திருவிதாங்கூரின் படைத்தலைவராகவே உயர்ந்த டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை அதனுள் உள்ளது. தகப்பனார் கைத்தடியை ஊன்றி அதுவரை நடந்து வந்தார்.

மாலையில் ஊர் சேர்ந்தோம். ஊருக்குள் போகும் சாலை குறுகலானது. மின்கம்பிகளும் பலாமரக் கிளைகளும் தாழ்ந்து தொங்கின. வண்டியின் உயரத்தை முன்பே கேட்டுக் குறித்து வைத்திருந்ததால் தப்பினோம். உறவினர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தினோம். தகப்பனாரைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தபடி இருந்தார்கள். அவரோடு படித்த ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

இரவு பத்து மணி ஆயிற்று. புழுக்கம் தாங்கவில்லை. ஜெனரேட்டரைப் போட்டால் குளிர்சாதனம் ஓடும் என்றார் ஓட்டுநர். பிள்ளைகளும் ஆவலோடு என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்றேன். காரணத்தை உங்களுக்கும் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வாயு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிணைப்பு வலிமையோடு அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். உறங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார்.

சன்னல்களைத் திறந்து கொசுவலை கட்டினோம். உறவினர் வீட்டிலிருந்து மின்சாரம் எடுத்து ஒரு மின்விசிறியை ஓடவிட்டோம். எல்லாம் முடிந்தது என்று படுக்கப் போனபோது தகப்பனார் கேட்டார்: "டிரைவர் தம்பி எங்கே படுப்பார்?"

நான் அதைக் கேட்டிருக்கவே இல்லை. முன்னிருக்கையில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் படுப்பதே தன் வழக்கம் என்று ஓட்டுநர் சொன்னார். எனக்கு உடல் சில்லிட்டது. வடகரையில் இறந்த இருவரும் பயணிகள் அல்லர். அந்த வண்டியின் ஊழியர்கள். செய்தியை வாசித்திருந்த நான், என் பிள்ளைகளின் மூச்சை மட்டுமே நினைத்திருந்தேன். தகப்பனாருக்கு அந்தச் செய்தி தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது. எஞ்சினை அணைக்கச் சொல்லி, வீட்டுத் திண்ணையை ஒட்டிய அறையில் பாய் விரித்துக் கொடுத்தோம். "நன்றி அப்பச்சா" என்று சொல்லிப் படுத்த அந்த இளைஞர் காலை ஏழு மணிவரை அயர்ந்து உறங்கினார். அவர் அப்படி உறங்கியதால்தான் மறுநாள் கன்னியாகுமரிக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் நாங்கள் பத்திரமாகப் போக முடிந்தது என்று நம்புகிறேன்.

நீங்களும் இப்படியொரு பயணத்துக்குத் திட்டமிட்டால் சில காரியங்களைக் கவனியுங்கள். வண்டியின் பர்மிட்டும் காப்பீடும் இரு மாநிலங்களுக்கும் செல்லுமா என்று பாருங்கள். 7,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைச் சாதாரணக் கார் உரிமம் வைத்திருப்பவர் ஓட்டக்கூடாது. கழிவுத் தொட்டியைக் கால்வாயிலோ வயலிலோ திறந்துவிடாதீர்கள். உரிய இடத்தில் மட்டும் காலி செய்யுங்கள். உள்ளே ஆட்கள் உறங்கும்போது எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓட வேண்டாம். வாயு கசிந்தால் ஒலியெழுப்பும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டுநர் எங்கே உண்பார், எங்கே உறங்குவார் என்பதைப் புறப்படும் முன்பே கேளுங்கள். வீட்டோடு பயணம் போகிறோம் என்றால் அந்த வீட்டில் அவரும் ஒருவர்தானே?