கோரம்

சரக்கு ஆட்டோவில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. ஊராட்சி அலுவலக வாசலில், புங்கமரத்து நிழல் விழும் இடமாகப் பார்த்துப் போட்டார்கள். நிழல் முடிகிற இடத்தில் ஒரு ஜமுக்காளம். இங்கே உட்கார், அங்கே உட்கார் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. ஆண்கள் நாற்காலிக்குப் போனார்கள், பெண்கள் ஜமுக்காளத்துக்கு. பன்னிரண்டு நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஜமுக்காளம் போதாமல் பெண்கள் சிலர் செருப்பைக் கழற்றிப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள்.

2024 அக்டோபர் 2, கிராம சபை. காவிரிக் கடைமடையில் ஒரு சிற்றூர். அத்தை வீட்டுக்குப் போன இடத்தில், வேடிக்கை பார்க்கலாம் என்று அலுவலகத் திண்ணையில் ஏறி உட்கார்ந்தேன். கடைசிவரை நான் வாய் திறக்கவில்லை.

திண்ணையிலிருந்து பார்த்தால் உள்சுவரில் தலைவர்களின் பெயர்ப்பலகை தெரிகிறது. 1996, 2001, 2006, 2011. நான்கு வரி, மூன்று ஆண்கள். ஒருவர் இரண்டு முறை. அடுத்த வரிக்கு ஒரே தாவல், 2020. உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியது 2016இல். பழையவர்களின் பதவிக்காலமும் அதே வருஷம் முடிந்தது. ஊராட்சித் தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். மூன்று வருஷத்துக்கு மேல் பாதியும் இல்லை, முழுசும் இல்லை. அந்த ஐந்தாவது வரியில்தான் ஒரு பெண் பெயர். ஆண்களுக்கு முன்னெழுத்தோடு சரி. இவருக்கு மட்டும் கணவர் பெயர் முழுசாக, கொஞ்சம் பெரிய எழுத்தில். பலகையில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று பெயின்டர் நினைத்திருக்கலாம்.

அந்தக் கணவர் மைக் செட்டுக்காரரை விரட்டிக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவரைத் ‘தலைவரே’ என்றார்கள். அவர் மனைவி ‘தலைவரம்மா’. பதவி யாருடையது என்ற கேள்வியை ஊர் ஒரு ‘அம்மா’வை ஒட்டித் தீர்த்துவிட்டது. தலைவரம்மா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

ஊராட்சி செயலர் வருகைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணினார். ஊர் மக்கள்தொகை மூவாயிரத்துக்குள். அதற்கு நூறு பேராவது வந்தால்தான் சபை செல்லும். இதைக் ‘கோரம்’ என்கிறார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டே என்று யாரும் கவலைப்படுவதில்லை.

“ஆம்பளைய இருவத்தெட்டுதான் தலைவரே.”

“நூறுநாள் ஆளுவ எத்தன பேரு?”

“எண்பதுக்கு மேல இருக்கு.”

“அப்பறமென்ன, ஆரம்பி.”

நூறுநாள் வேலை ஆட்கள் என்றால் பெண்கள்தான். தமிழ்நாட்டில் அந்த வேலையில் அப்போது பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அவர்களே. அந்த வருஷம் நாள் கூலி 319 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. வயல்வேலையில் அந்தச் சமம் கிடையாது. பதிவேடு ஜமுக்காளத்தின்மேல் கைமாறிப் போனது. கையெழுத்துத் தெரிந்தவர்கள் போட்டார்கள். மற்றவர்கள் மைப்பெட்டியில் பெருவிரலை ஒற்றி வைத்துவிட்டுத் தலைமயிரில் துடைத்துக்கொண்டார்கள். இருபத்தெட்டு பேரால் நடக்க முடியாத சபை, எண்பது பெருவிரலால் நடந்தது.

தூய்மைக் காவலர்கள் இரண்டு பேர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓரமாக நின்றார்கள். இருவரும் பெண்கள். மாதம் 5,000 ரூபாய். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஆண். நீளமான வால்வு சாவியை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றி முன்வரிசை நாற்காலியில் இருந்தார். குப்பை பெண்ணுக்கு, வால்வு ஆணுக்கு என்று எந்த அரசாணையிலும் இல்லை. அந்தச் சாவியைத் திருக அப்படியொன்றும் பலம் வேண்டாம். ஒருநாள் அவருடைய பத்து வயது மகன் திருகியதை நானே பார்த்திருக்கிறேன்.

டீ வந்தது. நாற்காலிகளுக்குக் கொடுத்து முடிந்ததும் கேன் காலி. ஜமுக்காளத்துக்கு அடுத்த கேன் வரும் என்றார்கள். நான் இருந்தவரை வரவில்லை.

நிறைமாதப் பெண் ஒருத்தி எழுந்து அலுவலகத்தின் பின்பக்கம் போனாள். ‘பெண்கள்’ என்று நீல எழுத்தில் எழுதிய கதவில் பூட்டு. ஜன்னல் வழியே பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும் பழைய டியூப் லைட்டுகளும் தெரிந்தன. சாவி செயலரின் மேசை டிராயரில் இருப்பது ஊருக்கே தெரியும். மைக்கில் பேசிக்கொண்டிருக்கும் ஆணிடம் போய் அதைக் கேட்பது எப்படி? அவள் ரோட்டைத் தாண்டி யார் வீட்டுக்கோ நடந்தாள். பக்கத்திலிருந்த ‘ஆண்கள்’ கதவு திறந்தே கிடந்தது.

வரவு செலவு, டெங்கு தடுப்பு, ஜல் ஜீவன் எல்லாவற்றையும் செயலர் ஒரே மூச்சில் வாசித்தார். “ஏகமனதாக” என்ற சொல்லில் மட்டும் குரல் ஏறி இறங்கியது. நாற்காலிகள் கைதட்டின.

ஜமுக்காளத்திலிருந்து ஒரு கிழவி உட்கார்ந்தபடியே கேட்டாள்: “ஏம்ப்பா, எட்டு மணிக்குத் தண்ணிய வுடுறியே, அப்ப ஊட்டுல யாருப்பா இருக்கா? நடவுக்குப் போறவ ஆறு மணிக்கே கெளம்பிடுறா.”

ஆபரேட்டர் தலைவரம்மாவைப் பார்க்கவில்லை, அவர் கணவரைப் பார்த்தார். “பாத்துக்கலாம் ஆத்தா, உக்காரு” என்றார் கணவர். அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். சிரிப்பு எழுந்தது. கிழவியும் சிரித்துவிட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

செயலர் தீர்மானப் புத்தகத்தை மேசையில் விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அந்த விரல் நாலரை வருஷமாக அங்கேதான் காட்டியிருக்கும். தலைவரம்மா பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மெதுவாக, மைக் இல்லாமல் கேட்டார்:

“தம்பி, அந்தத் தண்ணி விசயம் எழுதிட்டீங்களா?”

“அது பேச்சுக்குக் கேட்டாங்கம்மா.”

“எழுதுங்க. ஆறு மணிக்குள்ளன்னு எழுதுங்க. எழுதிட்டுக் குடுங்க, போடுறேன்.”

செயலர் நிமிர்ந்து கணவரைத் தேடினார். கணவர் சட்டென்று யாரையோ போனில் கூப்பிட ஆரம்பித்தார். ஜமுக்காளத்தில் பேச்சு நின்றது. செயலர் எழுதினார். தலைவரம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கைதட்டல் எதுவும் இல்லை. கிழவி வெற்றிலைப் பையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அதைப் பெரிய புரட்சி என்று நான் சொல்லமாட்டேன். அன்று மாலை அந்தக் கணவர்தான் பைக்கில் பின்னால் மனைவியை உட்காரவைத்து ஓட்டிப்போனார். தீர்மானப் புத்தகமும் வண்டியின் முன்பையில்தான் இருந்தது.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தலைவரம்மாவின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் பொறுப்பேற்றார். பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தையிடம் விசாரித்தேன். தண்ணீர் காலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறதாம். கழிப்பறைச் சாவி இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.