மகளுக்குக் கொடுக்கும் முன் ஸ்பிட்ஃபயருக்குச் செய்த வைத்தியம்

எங்கள் கராஜில் நிற்கும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1969-ஆம் வருடத்து வண்டி. மார்க் 3. கூரை துணி, இருக்கை இரண்டு, எஞ்சின் 1296 சி.சி. என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'சின்ன வீடு'. முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதோடு செலவழித்த நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அந்தப் பெயரை மறுக்க வழியில்லை.

போன வருடம் எனக்கு எழுபத்தொன்று முடிந்தது. கண்ணில் பிரஷர் இருக்கிறது, இரவில் ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். வண்டியை விற்றுவிடலாமா என்று பேச்சு எழுந்தபோது மகள், "விக்காதீங்கப்பா, எனக்குக் குடுங்க" என்றாள். நான் உடனே தலையாட்டிவிட்டேன். மனைவி ஆட்டவில்லை. "அந்த வண்டி எப்படித் திரும்பும்னு நீங்களே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க? அவ கையில குடுத்துட்டு நான் ராத்திரி எப்படித் தூங்குறது?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

இந்த வண்டியோடு எனக்கு இருக்கும் ஒட்டுதலுக்குக் காரணம் இங்கிலாந்து அல்ல, பெருங்களத்தூர். தாம்பரத்தில் வளர்ந்தவர்களுக்கு ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையைத் தெரியாமல் இருக்காது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரைச் செய்தார்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டி வரைந்த உடம்பை மேலே வைத்து 1962-இல் வெளியிட்டதுதான் ஸ்பிட்ஃபயர். அதனால் முதன்முதலில் இதன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தபோது (மட்கார்டோடு சேர்ந்து முழு மூக்கும் முன்பக்கமாகத் திறக்கும்) ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. முன் சக்கரங்கள் அநியாயத்துக்கு ஒடியும்; சின்னச் சந்தில் ஆட்டோ மாதிரி திரும்பிவிடலாம்.

பின் சக்கரங்கள்தான் விஷயம். 'ஸ்விங் ஆக்ஸில்' என்று பெயர். புரிய வேண்டுமென்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி மடக்கி, விரல்களைத் தரை நோக்கி வையுங்கள். தோள்தான் மூட்டு, கை அச்சு, உள்ளங்கை சக்கரம். வெளி முனையில் இன்னொரு மூட்டு கிடையாது. இப்போது குதிகாலை உயர்த்தி எழும்புங்கள், ஆனால் கைகள் இருந்த உயரத்திலேயே இருக்கட்டும். கைகள் கீழ்நோக்கிச் சரியும், விரல் நுனிகள் உடம்பை நோக்கி உள்ளே போகும். வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பினால் சக்கரங்களுக்கும் இதுதான் கதி. டயர் முழு அகலத்தில் தரையில் படாமல் ஓர் ஓரத்தில் நிற்கும்.

பின்பக்கம் எப்போது எழும்பும்? வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால். எடை முன்னே ஓடும், வால் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் மடங்கும், பிடி போகும். பிறகு வால் தலையை முந்தப் பார்க்கும். இது இந்த ஒரு வண்டியின் குணம் மட்டுமல்ல. பழைய பீட்டில், போர்ஷே 356 எல்லாம் இதே குடும்பம். அமெரிக்காவில் 1960 முதல் 1963 வரை வந்த கோர்வேரைப் பற்றித்தான் ரால்ஃப் நேடர் 1965-இல் புத்தகம் எழுதிப் பெரிய ரகளையைக் கிளப்பினார். அந்தக் காருக்கு முன் டயரில் 15 பவுண்டு காற்று, பின் டயரில் 26 என்று சொல்லியிருந்தார்கள். அத்தனை வித்தியாசம் வைத்துத்தான் வாலை அடக்கினார்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று அடிக்கிற பையனுக்கு அது தெரியுமா?

எனக்கு முப்பது வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை, வளைவுக்குள் காலை லேசாக அழுத்தியபடியே போ. கால் தானாகச் செய்துவிடும். மகளின் கால் அப்படிப் பழகியதல்ல. அவள் தினமும் ஓட்டுவது மின்சார கார். அதில் காலை எடுத்தாலே பிரேக் பிடித்த மாதிரி வண்டி அடங்கும். நாளெல்லாம் காலை எடுத்து எடுத்தே வேகத்தைக் குறைக்கப் பழகியவளிடம், காலை எடுத்தால் கோபித்துக்கொள்ளும் வண்டியின் சாவியைக் கொடுக்க வேண்டும். "வளைவுல காலை எடுக்காதே" என்று ஆயிரம் தடவை சொல்லலாம். குறுக்கே ஒரு மான் வந்தால் அறிவுரை ஞாபகத்துக்கு வராது, பழக்கம்தான் வரும். ஆகவே வண்டியைத்தான் மாற்ற வேண்டும்.

முப்பத்திரண்டு வருடம் பாலங்களின் வரைபடங்களோடு பிழைத்தவன் நான். எதையும் தரையிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பது வழக்கம். ஆகவே முதலில் டயர். பட்டன் எல்லாம் புதிதுபோல இருந்தது. வருடத்துக்கு ஆயிரம் மைல் ஓடினால் எங்கே தேயும்? ஆனால் பக்கவாட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கம் 2307. அதாவது 2007-ஆம் வருடத்தின் 23-வது வாரத்தில் செய்தது. நகத்தால் அழுத்தினால் பலகைபோல் இருந்தது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் ஷாக் அப்சார்பருக்குக் கொட்டிக் கொடுப்பார்கள், டயரைத் தொட மாட்டார்கள். என் கருத்தில் கையில் இருக்கும் முதல் நூறு பவுண்டு போக வேண்டிய இடம் டயர்தான். நான்கையும் மாற்றினேன். வண்டி பாதி திருந்திவிட்டது.

அடுத்து முன்பக்க ட்ரனியன். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை வெட்டி, அது வெண்கலக் கட்டை ஒன்றுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள் சுழலும். அதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் போடுகிறவர்களும் உண்டு; இந்த ஊர் டிரையம்ஃப்காரர்கள் நான்கு பேர் கூடினால் வடகலை தென்கலை சண்டை மாதிரி இதில் ஆரம்பித்துவிடுவார்கள். நான் ஆயில் கட்சி. உள்ளே தண்ணீர் போய்த் துருப்பிடித்தால் மரை இறுகும், பிறகு ஒரு நாள் தண்டே முறிந்து சக்கரம் படுத்துவிடும். இரண்டு பக்கமும் தண்டு, ட்ரனியன் இரண்டையும் புதிதாகப் போட்டோம். ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. மாற்றி வாங்கிவிடக் கூடாது.

ரப்பர் புஷ்களுக்குப் பதில் பாலியூரித்தேன் போடச் சொல்லி எல்லோரும் வற்புறுத்தினார்கள். உழைக்கும், ஸ்டியரிங் கச்சிதமாக இருக்கும் என்பதெல்லாம் உண்மை. கூடவே கீச்சிடும், ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு சொரசொரப்பையும் முதுகுத்தண்டுக்குத் தந்தி அடிக்கும். முன்பக்கம் மட்டும் அதைப் போட்டு, மற்ற இடங்களில் ரப்பரையே வைத்தேன். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கும் யோசனையையும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் நான்கு வேகத்தடை.

இனி வால். வழிகள் சில உண்டு. ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு கட்டை வைத்துப் பின்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கினால் சக்கரங்கள் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். மடங்குவதற்கு இடம் கிடைக்கும். மலிவான வழி. ஜி.டி.6 காரின் பின்பாகத்தையே கொண்டுவந்து மாட்டலாம்; அதில் கீழே தனி விஷ்போன் உண்டு. செலவைக் கேட்டால் மயக்கம் வரும். நான் எடுத்தது தொழிற்சாலையே கடைசியில் கண்டுபிடித்த வழி. 1970-இல் வந்த மார்க் 4-இல் அவர்கள் 'ஸ்விங் ஸ்பிரிங்' வைத்தார்கள். லாரியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த மாதிரிப் பட்டை ஸ்பிரிங்தான் இதிலும், ஆனால் குறுக்காகப் போகும். பழையதில் அத்தனை பட்டைகளையும் நடுவில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். புதியதில் ஒரு பட்டை மட்டும் இறுக்கம்; மீதியெல்லாம் சீ-ஸா பலகை போல நடுவில் ஆடும். எடையைத் தாங்கும் பலம் அப்படியே இருக்கும், ஆனால் வளைவில் உடம்பு சாய்வதைப் பின்பக்கம் அவ்வளவாக எதிர்க்காது. எதிர்க்காததால் வெளிச் சக்கரத்தின் மேல் சுமை குவியாது, வால் எழும்புவதும் குறையும். அப்படியானால் சாய்வை யார் தடுப்பது? முன்பக்கம். அதற்காகத்தான் மார்க் 4-இல் முன் ஆன்டி-ரோல் பாரை முக்கால் அங்குலத்துக்கும் குறைவாக இருந்ததிலிருந்து 7/8 அங்குலமாகத் தடிப்பாக்கினார்கள். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வண்டி படகுபோல் சாயும்.

நம் ஊரில் இதே கேள்விக்கு வேறு விடை எழுதினார்கள். 1972-இல் ஹெரால்டுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே கழற்றிப் போட்டுவிட்டு ஒற்றைத் திட அச்சை வைத்துவிட்டார்கள். அதுவும் புத்திசாலித்தனம்தான்.

இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூடி இருக்கும். அதன் வழியாகத்தான் ஸ்பிரிங்கின் நடுப்பகுதியைக் கழற்ற வேண்டும். படுத்துச் செய்யும் வேலையையெல்லாம் தெருமுனை போலந்து மெக்கானிக் செய்தார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் மாட்டினாலும் புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கம் இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் நின்று, ஆள் உட்கார்ந்திருக்கிற உயரத்தில்தான் இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். இருக்கைக்கு 150 பவுண்டு வைக்கச் சொல்கிறது பழைய கையேடு. கிலோவில் 68. இருபது கிலோ பொன்னி அரிசி மூட்டை மூன்று, பத்து கிலோ துவரம்பருப்பு ஒன்று. இரண்டு இருக்கைக்கும். "சின்ன வீட்டுக்கு மளிகையும் வாங்கிப் போட்டாச்சா?" என்றாள் மனைவி. அதன் பிறகு அரிசியைச் சமைத்துத் தீர்க்க ஆறு மாதம் ஆனது.

வீல் அலைன்மென்ட்டில் முன்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இதில் பின் சக்கரங்களும் பார்க்கப்பட வேண்டியவை. ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்கு அடியில் மெல்லிய தகடுகளைச் சேர்த்தோ எடுத்தோ சரி செய்யலாம். நாங்கள் நூல் கட்டி அளந்தோம். கொத்தனார் சுவர் பார்க்கிற அதே முறை.

மார்ச் மாதத்தில், வாடகைக்கு விடும் ஒரு பழைய விமான ஓடுபாதைக்கு மூன்று பேரும் போனோம். மெக்கானிக் வட்டமாகக் கூம்புகளை வைத்தார். மகள் நாற்பது மைல் வேகத்தில் சுற்றினாள். நான் பக்கத்து இருக்கையில்.

"இப்போ காலை எடும்மா."

"நிஜமாவா? எடுக்கவே கூடாதுன்னுதானே சொல்வீங்க?"

"எடு."

எடுத்தாள். வால் ஒருமுறை சிலுப்பிக்கொண்டது. மூக்கு கொஞ்சம் உள்ளே வந்தது. அவ்வளவுதான், வண்டி வளைவிலேயே நின்றது. திரும்பவும் செய்யச் சொன்னேன். ஈரத்தில் எப்படி என்று பார்க்க, ஒரு பக்கம் தண்ணீர் ஊற்றிய இடத்தில் முப்பது மைலில் செய்யச் சொன்னேன். அங்கே வால் கூடுதலாக நகர்ந்தது, ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க அவளுக்கு நேரம் இருந்தது. பதினோரு தடவை செய்தோம். எட்டாவது தடவைக்கு மேல் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் வயிற்றைப் பிரட்டியது.

இன்றைய கார் போல் ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். காற்றுப்பை இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. நாற்பது வருடம் தாண்டிய வண்டிக்கு இங்கே வருடாந்திர எம்.ஓ.டி. சோதனை கட்டாயமில்லை என்று 2018-இல் விலக்கு கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் வருடா வருடம் கொண்டுபோகிறேன் என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். மழைக்காலத்தில் வெளியே எடுக்கக் கூடாது என்பது அவள் அம்மா வாங்கிய வாக்கு.

மே மாதம் ஷெஃபீல்டிலிருந்து ஸ்னேக் பாஸ் மலைப்பாதை வழியாக கிளாசப் போனாள். அந்தப் பாதையின் பெயரே போதும், வளைவுகளைச் சொல்ல வேண்டியதில்லை. மனைவி பகல் முழுக்க டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. சாப்பிட்டாயா என்றுதான் அவளும் கேட்டாள். போனை என்னிடம் நீட்டியபோது மகள், "அப்பா, கிளம்பும்போது பின்னாடி வலது பக்கம் டக்குன்னு ஒரு சத்தம் வருது. ஓட ஆரம்பிச்சதும் போயிடுது" என்றாள்.

யுனிவர்சல் ஜாயின்ட்டாகத்தான் இருக்கும். இரண்டு பக்கத்துக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கொண்டு வருகிறாள்.