அக்காவின் தோள்பை

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஆரம்ப சுகாதார நிலையம் எங்கள் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். காலையில் ஒரு பேருந்து. அதை விட்டால் உச்சிவெயில் வண்டிதான். அங்கே மாத்திரைக்குக் காசில்லை. ஆனால் அதை வாங்கி வருவதற்குள் ஒரு நாள் கூலி போய்விடும். இந்தக் கணக்கில்தான் என் அப்பத்தா தோற்றாள்.

இரத்தக் கொதிப்புக்கு அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். நடவு வந்தது, ஒரு மாதம் போகவில்லை. களையெடுப்பு வந்தது, அடுத்த மாதமும் போகவில்லை. "தலைசுத்தலே இல்ல, எதுக்குடா மாத்திரை?" என்பாள். 2019 மார்கழியில் ஒரு விடியற்காலை, வாசல் தெளிக்கக் குனிந்தவள் எழவில்லை. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று.

மருந்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு உடனிருந்து கவனிப்பவரையும் ஒரு கூறாகச் சேர்த்தார். அப்பத்தாவுக்கு முதல் மூன்றும் இருந்தன. நான்காவது கூறுதான் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. சில மாதங்களில் அது எங்கள் ஊருக்கும் வந்தது. தோளில் பையோடு வந்த தன்னார்வலர் வேறு யாருமல்லர்; என் பெரியம்மா மகள்தான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். மருத்துவராக ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும். சில நாள் பயிற்சியில் இவளுக்கு என்ன தெரியும்? "டாக்டரம்மா வந்தாச்சு!" என்று கேலி செய்தேன்.

அக்கா சிரித்துக்கொண்டே என் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றினாள். 180. "பீடி குடிச்சீங்களா சித்தப்பா?" என்று கேட்டு, சற்று நேரம் அமர வைத்து, மீண்டும் அளந்தாள். 178. எனக்கு நெஞ்சு படபடத்தது. "அப்பத்தா மாத்திரை மிச்சம் இருக்கேக்கா, அதையே குடுத்துடேன்" என்றேன்.

"அது என் வேலை இல்லடா. அளக்கிறதுதான் என் வேலை. என்ன மாத்திரைன்னு டாக்டர்தான் சொல்லணும். நாளைக்கு மொத வண்டிக்குச் சித்தப்பாவ ஏத்திவிடு."

'என் வேலை இல்லை' என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு அவள்மேல் நம்பிக்கை பிறந்தது. தனக்கு எது தெரியும் என்பதோடு, எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அப்பாவுக்கு மருத்துவர் மாத்திரை எழுதினார். அது தீருமுன் அக்காவின் பை எங்கள் திண்ணைக்கு வந்தது. அப்பா ஒரு நாள் கூலியும் இழக்கவில்லை.

பின்னர் படித்தபோதுதான் தெரிந்தது, மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலியில் இதைவிடப் பெரிய பொறுப்பையே கிராமத்துப் பெண்கள் சுமந்திருக்கிறார்கள் என்பது. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 39 ஊர்களில் பெண்களுக்குப் பயிற்சி தந்தனர். பச்சிளங்குழந்தையை எடை பார்ப்பது, கதகதப்பாக வைப்பது, கிருமித்தொற்றைக் கண்டறிவது, தேவைப்பட்டால் ஊசி போடுவது வரை அவர்கள் கற்றார்கள். ஒப்பிட்டுப் பார்த்த பிற ஊர்களைவிடப் பச்சிளங்குழந்தை மரணம் 62 விழுக்காடு குறைந்தது என்று 1999இல் ஆய்விதழில் வெளியிட்டனர்.

ஆனால் நண்பர்களே, வேலையைப் பகிர்ந்து கொடுப்பது வேறு, தலையில் கட்டுவது வேறு. பயிற்சி வேண்டும், ஐயம் வந்தால் கேட்க மேலே ஆள் வேண்டும், உழைப்புக்கேற்ற ஊதியம் வேண்டும். வெயிலில் வீடு வீடாக நடந்து, இரவில் பதிவேடு எழுதிய அக்காவுக்குக் கிடைத்தது ஊக்கத்தொகை. சம்பளம் என்ற பெயர்கூட அதற்கு இல்லை. மருத்துவரின் கை எட்டாத இடத்துக்கு நீளும் கையை நாம் இன்னும் மலிவாகவே மதிப்பிடுகிறோம்.

அன்று அப்பாவுக்கு அளந்து முடித்து அக்கா பையை மூடப்போனாள். கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, மெல்லத் தன் இடக்கையை நீட்டினாள். அக்கா பையை மீண்டும் திறந்தாள்.