காத்தாடிதான் கியர்

பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கும் ஏலம் நடக்கும் கரைக்கும் இடைப்பட்ட தண்ணீரில்தான் எங்கள் ஊர் ரேஸ் நடந்தது. கொடியசைக்க ஆள் கிடையாது, கோப்பையும் கிடையாது. முதலில் கரைசேர்ந்த படகின் இறாலுக்கு வியாபாரி ஒரு விலை சொல்வார். நாலாவது படகு வருவதற்குள் ஐஸ் தீர்ந்திருக்கும், பொன்னேரிக்குப் போகிற வண்டி நிறைந்திருக்கும், வியாபாரியின் குரலும் இறங்கியிருக்கும். அதே வலை, அதே கடல், அதே இறால். இந்த விலை வித்தியாசத்தை நம்பித்தான் என் தாய்மாமா பட்டறை வைத்திருந்தார்.

பட்டறை என்றால் ஓலைக் கொட்டகை. மணல் தரை, ஒரு பழைய மரமேசை, மேசையில் கடித்துக்கொண்டு நிற்கும் வைஸ். திருகு ஒன்று மணலில் விழுந்தால் தேடி எடுப்பது என் வேலை. அதற்காகவே ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீட்டில் எறிந்துவிட்டு ஓடினால், டீசலும் கிரீஸும் கருவாடும் கலந்த வாடை பாதி வழியிலேயே எதிர்கொள்ளும்.

எங்கள் தாத்தா காலத்தில் ஏரியில் கோல் ஊன்றியும் பாய் விரித்தும்தான் போனார்கள். காற்று பார்த்துப் போய், காற்று பார்த்துத் திரும்பும் காலம் அது. 1979-ல் சென்னையைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தில், அலை உடைகிற கரையில் இறக்கி ஏற்றக்கூடிய சிறு படகுகளையும், விசிறியை மேலே தூக்கிவிடும் இன்ஜின் அமைப்பையும் சோதித்துப் பார்த்தார்கள். எங்கள் கரையில் கடைசியில் நிலைத்தது நீள வால் இன்ஜின். படகின் பின்முனையில் ஒற்றை சிலிண்டர் டீசல். பெரும்பாலும் கிரீவ்ஸ் லம்பார்டினி. அதிலிருந்து ஒரு நீளக் குழாய், குழாய்க்குள் ஷாப்ட், ஷாப்டின் நுனியில் விசிறி, எங்கள் பேச்சில் காத்தாடி. பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். சேற்றுத்திட்டு வந்தால் கைப்பிடியை அமுக்கி வாலைத் தூக்கிவிடலாம். தாய்லாந்துப் படகோட்டிகள் இதே வாலில் பழைய கார் இன்ஜினையே பூட்டி ஓட்டுவதாக மாமா சொன்னபோது, அவர் கதைவிடுகிறார் என்றுதான் நினைத்தோம். அது உண்மைதான்.

மாமாவுக்குக் கார் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு கார் பட்டறையில் எடுபிடியாக இருந்தவர். வருடா வருடம் அந்தப் பட்டறைக்காரர்கள் ஒரு பந்தயக் காரோடு சோழவரம் போவார்களாம். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பிறகுதான் சோழவரத்தின் மவுசு போயிற்று. வெளிநாட்டுக் கார் லேசில் கிடைக்காத காலம் அது. ஃபியட்டையும் அம்பாசடரையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு, ஹெட்டைச் சீவி, கார்புரேட்டர் ஜெட்டை மாற்றி, வேண்டாத இரும்பையெல்லாம் கழற்றி எறிந்து ஓட்டினார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி இன்ஜினை வைத்தே ஃபார்முலா கார் கட்டினார். அமெரிக்காவில் இந்தப் பைத்தியத்துக்கு ஹாட் ராட் என்று பெயர். 1932-ல் ஃபோர்டு மலிவாக ஒரு வி8 காரை இறக்கியது. அதில் வேண்டாததைக் கழற்றிப்போட்ட கலிபோர்னியா இளைஞர்கள் முரோக் மாதிரியான வற்றிய ஏரிப் படுகைகளில் பறந்தார்கள். அவர்களுக்கு ஏரி வற்ற வேண்டியிருந்தது; எங்களுக்கு முழங்கால் தண்ணீராவது நிற்க வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பிய மாமாவுக்கு டீசல் இன்ஜின் முதலில் பிடிபடவில்லையாம். கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, ஹெட்டைச் சீவுகிற பேச்சே இல்லை. பெட்ரோல் வண்டி காற்றை எட்டு, ஒன்பது மடங்கு அமுக்கினால் டீசல் பதினேழு, பதினெட்டு மடங்கு அமுக்குகிறது. அந்தச் சூட்டில்தான் எண்ணெயே பற்றுகிறது. கைவைக்க மிஞ்சியவை டேப்பட், நாசில், பம்ப் டைமிங், கவர்னர். டேப்பட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் துருப்பிடித்துப் போனால், சவர பிளேடைச் செருகிப் பார்ப்பார். ஒரு பிளேடு 0.1 மில்லிமீட்டர், இரண்டு சேர்ந்தால் 0.2. இந்தக் கணக்கை எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நாசில் பார்க்கிற அன்று என்னைத் தள்ளி நிற்கச் சொல்வார். கழற்றிய நாசிலைக் குழாயில் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டி, கைப்பிடியைச் சுற்றுவார். நல்ல நாசில் 'கிர்ர்' என்று கனைத்துப் பனி மாதிரி தூவும். கெட்டது மூக்கொழுகும். "கை நீட்டாதே, தோலுக்குள்ளாற பூந்துடும்" என்பார். வெறும் மிரட்டலில்லை. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும், விரலையே எடுக்க வேண்டிவரலாம்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "கவர்னர அவுத்துவுடு, வேகம் வரட்டும்." நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று என்று கட்டிவைத்த இன்ஜினை அதற்குமேல் விரட்டினால் கனெக்டிங் ராடு ஒருநாள் கிரேங்க் கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அப்படி வந்த ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. கேட்கிறவரை அதன் பக்கமாக உட்காரவைத்துத்தான் மாமா பேச்சைத் தொடங்குவார்.

"அண்ணே, இந்த வண்டியில கியர் பெட்டி எங்க இருக்குது?"

"இதுல ஏது கியரு?"

"காத்தாடிதான் கியரு."

சோழவரம் அவருக்குக் கற்றுத்தந்ததில் இதுதான் உருப்படியானது என்று இன்றும் நினைக்கிறேன். காரில் மேடு வந்தால் கியரைக் குறைக்கலாம். வால் இன்ஜினில் கிளட்ச் கிடையாது, ரிவர்ஸ் கிடையாது. ஷாப்ட் நேராக இன்ஜினோடு பூட்டியது. காத்தாடியின் அகலமும் இதழின் முறுக்கும் என்னவோ, அதுதான் காலம் முழுக்க ஒரே கியர். முறுக்கு அதிகமானால் இன்ஜின் தன் சுற்றுக்கு ஏற முடியாமல் முக்கும், கறுப்பாகப் புகைக்கும், எக்சாஸ்ட் வால்வு கருகும். முறுக்கு குறைந்தால் சத்தம் கிழியும், படகு நகராது. ஊரில் எல்லாரும் பெரிய காத்தாடிக்கு ஆசைப்பட்டார்கள். மாமா அதன் நுனியை அரத்தால் ராவிக் குறைப்பார். காசு கொடுத்து வாங்கிய உலோகம் பொடியாகக் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் படகுக்காரருக்கு வயிறு எரியும்.

ராவுவதில் பாதி வேலை எடை பார்ப்பது. இரண்டு இதழும் ஒரே எடை இல்லாவிட்டால் ஷாப்ட் உதறும், புஷ் தேயும், குழாய்க்குள் உப்புத்தண்ணீர் ஏறும். மேசையில் இரண்டு ரம்பத் தகட்டை விளிம்பு மேலாக நிறுத்தி, காத்தாடியை ஒரு கம்பியில் கோத்து அதன்மேல் வைப்பார். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் நாலு இழைப்பு. சாயாமல் நிற்கும்வரை பீடிகூடப் பற்றவைக்க மாட்டார்.

பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள், வலை, ஐஸ் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றச் சொல்வார். வெறும் படகில் பார்ப்பது பொய் என்பார். முகத்துவாரம் வரை போய்த் திரும்புவோம். பூநாரைகள் தூரத்தில் சேறு கிளறிக்கொண்டிருக்கும். எனக்கு அவற்றைப் பார்க்க ஆசை, மாமாவோ புகையைப் பார் என்பார். கறுப்பு என்றால் சுமை அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நான்தான் அவருக்குப் புகை வாசிக்கிறவன். அவர் கண் முன்னால், காது பின்னால்.

காத்தாடி பொருந்திய படகு எப்படி வரும் என்பதை ஒரு வாடைக் காலத்துக் காலையில் பார்த்தேன். எங்கள் நைனாவின் படகும், புது இன்ஜின் போட்டிருந்த இன்னொரு படகும் முகத்துவாரத்தில் ஒன்றாக நுழைந்தன. அலைக்கு முதுகைக் கொடுத்து, சரியான நொடியில் ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டிய இடம் அது. புது இன்ஜின் கறுப்பைக் கக்கிக்கொண்டு யோசித்தது. நைனாவின் பழைய இன்ஜின் உடனே சுற்றுக்கு ஏறி அலையோடு உள்ளே வந்துவிட்டது. அன்று வெள்ளை இறாலுக்கு முதல் விலை எங்களுக்கு. மாமாவின் கூலியாக ஒரு பை நண்டு போயிற்று. அத்தை அதை மிளகு போட்டு வைத்துப் பாதியைத் திருப்பி எங்கள் வீட்டுக்கே அனுப்பினார்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வரிசையாக வந்தன. இன்ஜினும் கூடவே வந்தது. எந்தப் படகுக்கு எந்தக் காத்தாடி என்று யாரும் அளந்து கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்போது பையன்கள் வேகம் போதவில்லை என்றால் கடன் வாங்கி அடுத்த குதிரைத்திறனுக்குப் போகிறார்கள். டீசல் செலவும் சேர்ந்து ஏறுகிறது. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் முழுச் சுமையோடு ஒருநாள் போங்கள், யாராவது ஒருவர் பின்னால் திரும்பிப் புகையைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் முதலில் நாசிலைப் பாருங்கள், பிறகு காத்தாடியைக் கழற்றி நுனியைக் குறையுங்கள். அரைநாள் கூலிக்குமேல் ஆகாது.