துடுப்பும் தோளும்

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஆசை உண்டு. விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கு ஆற்றையும் மலையையும் காட்டிவிட வேண்டும் என்பதே அது. செம்பூரில் ஓரறை வீட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்காக, சென்ற டிசம்பர் விடுமுறையில் நாம் குடும்பத்துடன் கோலாடுக்குப் புறப்பட்டோம். திவாவிலிருந்து ரோஹா வரை ரயில். அப்பால் மோட்டார் வண்டி.

அவ்விடத்தே குண்டலிகா ஆறு ஓடுகிறது. பீரா நீர்மின் நிலையத்திலிருந்து வெளிவரும் நீரால், மழை ஓய்ந்த மாதங்களிலும் அதில் ஓட்டம் உண்டு. நீர் அமைதியாக உள்ள ஓரிடத்தில் 'கயாக்' என்னும் சிறு படகுகளை வாடகைக்கு விட்டிருந்தனர். ஒருவர் மட்டும் அமர்ந்து, இரு முனையிலும் பலகை உள்ள துடுப்பால் வலமும் இடமும் மாறி மாறி வலிக்க வேண்டும்.

கரையில் துடுப்புகளைச் சார்த்தி வைத்திருந்தனர். சிலவற்றின் பலகை அகலம்; சிலவற்றினது ஒடுக்கம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி ரயில்வே குமாஸ்தாவான நமக்கு, பிள்ளைகளுக்கு எதிலும் பெரியதையே தேடித் தரவேண்டும் என்றொரு வேட்கை. பதினைந்து வயது மகளிடம் மிக அகன்ற துடுப்பையே எடுத்துக் கொடுத்தோம்.

"அப்பா, சிறியதே போதும்" என்றாள்.

"பெரியது வேகமாகப் போகும், அம்மா" என்றோம்.

தொடக்கத்தில் படகு பாய்ந்து சென்றது. நமக்குப் பெருமை தாங்கவில்லை. அரை மணி கழிந்ததும் எதிர்க்காற்று எழுந்தது. மகளின் கைகள் தளர்ந்தன. காற்று படகைப் புதர்ப்பக்கம் தள்ளிற்று. "அப்பா, தோளைத் தூக்க முடியவில்லை" என்று அவள் கூவினாள். மிதவை அங்கி அணிந்திருந்தாள் எனினும் நம் நெஞ்சு பதறிற்று. விரைந்து செல்ல முயன்றோம். நம் கையில் இருந்ததும் அகன்ற துடுப்பே. நம் தோளும் ஓய்ந்திருந்தது.

அவ்வூர் இளைஞர் ஒருவர் விரைந்து வந்து அவள் படகைப் பிடித்தார். தம் கையிலிருந்த ஒடுங்கிய துடுப்பை அவளிடம் தந்து, அவளுடையதைத் தாம் வாங்கிக்கொண்டார். சிறிது இளைப்பாறியபின், மகள் தானே வலித்துக் கரை சேர்ந்தாள்!

இதன் காரணம் யாதெனப் பிறகு சிந்தித்தோம். நீராவி எஞ்சின்கள் ஓடிய நாளில், பயணி வண்டியை இழுத்த டபிள்யூ.பி. எஞ்சினின் இயக்குசக்கரம் 5 அடி 7 அங்குலம். சரக்கு வண்டியை இழுத்த டபிள்யூ.ஜி. எஞ்சினுக்கோ 5 அடி 1½ அங்குலமே. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிகத் தூரம் செல்லும். ஆனால் பெரும் பளுவை இழுக்கச் சிறிய சக்கரமே ஏற்றது. துடுப்பும் அத்தகையதே. அகன்ற பலகை ஒரு வீச்சில் அதிக நீரைப் பற்றும். அதற்கேற்ற வலிமையை வீச்சுதோறும் கேட்கும். நிமிடத்திற்கு 50 வீச்சு எனில் ஒரு மணிக்கு 3,000 வீச்சு. அத்தனை முறையும் கூலி கொடுப்பது தோளே.

நெடுந்தூரம் செல்வோருக்கான துடுப்புகளில் சிறியவற்றின் பலகை சுமார் 600 சதுர சென்டிமீட்டர். பெரியவை 700ஐயும் தாண்டும். மெலிந்த உடலினரும், புதிதாகப் பழகுவோரும், கையைத் தாழ்த்தி நிதானமாக வலிப்போரும் சிறியதையே கொள்ளுதல் நலம். கையை உயர்த்தி வேகமாக வலிக்கும் வலியவர்க்கே பெரியது பொருந்தும். கயாக்கைப் படைத்த வடதுருவ மக்களுள் கிரீன்லாந்து வேட்டைக்காரர்கள், ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் ஒடுங்கிய பலகையோடுதான் கடலில் நெடுந்தூரம் சென்றனர்.

தாராவியில் இருக்கும் நம் மாமா இளமையில் கட்டுமரத்தில் சென்றவர். இக்கதையைக் கேட்டு அவர் நகைத்தார். "மாப்பிள்ளை, துடுப்பைக் கடலுக்கா பார்த்து எடுப்பார்கள்? பிடிக்கிற கைக்கல்லவா பார்க்க வேண்டும்!" என்றார்.

பத்தாம் வகுப்புக்குப்பின் மகள் என்ன படிப்பது என்ற பேச்சு இவ்வாண்டு வீட்டில் எழுந்தது. எஞ்சினீயரிங்தான் என்று நாம் என்றோ முடிவு கட்டியிருந்தோம். அதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, "உனக்கு எது வேண்டும், அம்மா?" என்று முதலில் அவளைக் கேட்டோம்.